பட்டிலே நின்றுவிட்ட பனிக்காலம்

தோக்கியோவிலிருந்து புகையிரதமேறி, ஒட்சுகியில் வண்டி மாறி, கவாகுச்சி ஏரியை நாம் அடைந்தபோது பூஜி மலையின் உச்சியை முகில் மூடியிருந்தது. நவம்பர் மாதம். ஏரியின் வடகரையிலே மேப்பிள் மரங்கள் செக்கச்செவேலென நின்றன. சோளகம் ஓய்ந்து வாடை எழுவதையே பருவமாற்றமென்றறிந்த யாழ்ப்பாணத்தவர்க்கு, மரங்கள் தீப்பற்றியனபோல் நிறம் மாறுவது வியப்பே. ஆயினும் நாம் சென்றது மரங்களைக் காண அன்று.

அக்கரையிலேதான் 1994ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இச்சிக்கு குபோத்தா நூதனசாலை இருக்கிறது. 1917இற் பிறந்த குபோத்தா தமது இருபதாம் வயதிலே பழைய பட்டுத் துண்டொன்றைக் கண்டார். 'சுஜிகஹனா' எனும் அச்சாயக்கலை 17ஆம் நூற்றாண்டளவில் வழக்கொழிந்தது. செய்முறை சொல்வார் எவருமில்லை. அதனை மீட்க அவர் உறுதிபூண்டார். ஆனால் போர் குறுக்கிட்டது. சைபீரியாவிலே கைதியாய்க் கிடந்தார். அங்கு கண்ட அந்திவானம் பிற்காலத்தில் அவர் பட்டிலே நிறமாயிற்று. முதற் கண்காட்சியை 1977இல் நடத்தியபோது வயது அறுபது!

பட்டைத் தைத்து, முடிந்து, சாயந்தோய்த்து, ஆவியிலே அவித்து, அலசி, முடிச்சவிழ்த்து, மறுபடியும் முடிய வேண்டும். மதுரைச் சுங்குடிச் சேலையை அறிந்த நம் பெண்டிர்க்கு முடிச்சின் வித்தை புதிதன்று. எனினும் ஒரு கிமோனோவுக்கு ஏறத்தாழ ஓராண்டு என்றால் அவர்களும் மலைப்பர்.

பெருமரத் தூண்கள் தாங்கும் மண்டபத்திலே அவ்வாடைகள் கைவிரித்தவாறு வரிசையாய் நிற்கின்றன. ஒன்றின் சட்டைக்கையில் தொடங்கும் மலைச்சரிவு மற்றொன்றின் முதுகிலே தொடர்கிறது. 'ஒளியின் பேரிசை' என்பது இத்தொடரின் பெயர். பொன்னும் குருதிச் சிவப்புமாய் எரியும் இலையுதிர்காலம் மெல்ல மெல்லச் சாம்பல் பூக்கிறது; எந்த ஆடையிலே மாறிற்று என்று விரல்வைத்துக் காட்ட என்னால் இயலவில்லை. பின்னர் வெண்மை. பட்டின் சுருக்கங்களே பனிபோற் கிடக்கின்றன.

வரிசையின் இறுதிக்கு ஓடிய என் மகள் திரும்பி வந்து, "அப்பா, இளவேனில் எங்கே?" என்றாள்.

எண்பது ஆடைகள் செய்வதென்பது குபோத்தாவின் திட்டம். எண்பதும் நிறைவெய்து முன்னரே, 2003இல் அவர் காலமானார். இதனை அவளுக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாது மீண்டும் அந்த வெள்ளை ஆடையருகே சென்று நின்றாள். மண்டபம் மூடும் நேரமாயிற்று.