காலி முகத்திடல் ஓரம் ஒரு பழைய ஹோட்டல்... எந்த அறையை எடுப்பது?

கோவை ரேஸ்கோர்ஸில் காலையில் ஒரு சுற்று நடப்பவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். ஊருக்கு நடுவில்தான் இருக்கிறோம், ஆனாலும் மரநிழலில் மனசு அடங்கிவிடும். அப்படி ஒரு திறந்தவெளியின் ஓரத்தில், நூறு வருஷம் தாண்டிய கட்டடத்தில் இரண்டு நாள் தங்கினால்? அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அவர்களை எங்காவது அழைத்துப்போக நினைக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல யோசனை. அதற்கு ஏற்ற இடம் பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது: கொழும்பு, காலி முகத்திடல். சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான்.

கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவே சுமார் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கும் புல்வெளி அது. 1859-ல் ஆங்கிலேய ஆளுநர் சர் ஹென்றி வார்டு இங்கே நடைபாதை அமைத்து முடித்தார். கொழும்பின் பெண்களும் குழந்தைகளும் காற்று வாங்குவதற்காக இதைப் பேணிக் காக்கவேண்டும் என்று தனக்குப் பின்னால் வருபவர்களுக்குக் கல்லிலேயே எழுதிவைத்தார்.

திடலின் தெற்கு முனையில் 1864-ல் எழுந்ததுதான் கால்ஃபேஸ் ஹோட்டல். அப்போது சூயஸ் கால்வாயே திறக்கவில்லை, அது 1869-ல்தான். கால்வாய் திறந்த பிறகு கப்பல்கள் பெருகின, கொழும்பில் இறங்கும் பயணிகளும் பெருகினார்கள்.

இந்த ஹோட்டலின் முகமாகப் பல காலம் இருந்தவர் ஓர் அரசரோ நடிகரோ அல்ல. வாசலில் கைகூப்பி வரவேற்ற குட்டன். கேரளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து 1942-ல் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர். வெள்ளைச் சீருடை, முறுக்கிய நரைமீசை. 70 வருஷத்துக்கு மேல் இதே ஹோட்டலில் இருந்து, 2014-ல் 94 வயதில் காலமானார்.

திடலுக்கு இன்னொரு முகமும் உண்டு. வடக்கு முனையில் தெரியும் தூண்கள் வைத்த கட்டடம் அந்நாளைய நாடாளுமன்றம். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தை எதிர்த்து, 1956 ஜூன் 5 அன்று தந்தை செல்வநாயகம் தலைமையில் தமிழர்கள் இந்தப் புல்வெளியில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் புகுந்து அவர்களை அடித்தது. 2022-ல் பொருளாதார நெருக்கடியில் இளைஞர்கள் கூடாரம் போட்டு, ஜனாதிபதியே பதவி விலகும்வரை போராடியதும் இங்கேதான். பட்டம் விடும் குழந்தைகளைப் பார்க்கும்போது இதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். பெரியவர்களில் சிலருக்குச் செல்வநாயகம் என்ற பெயர் நினைவில் இருக்கும்.

சரி, அறையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பழைய கட்டடத்தில் எல்லா அறையும் ஒரே அளவில் இருக்காது. வடக்கு, தெற்கு என இரண்டு பகுதிகள். திடல் இருப்பது வடக்கே. கடல் பார்த்த அறையா, திடல் பார்த்த அறையா, வீதி பார்த்த அறையா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். ஹோட்டல் பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டினால் காலி வீதியின் ஹாரன் சத்தம்தான் மிஞ்சும். விடுமுறை நாட்களில் திடலில் ராத்திரிவரை கூட்டம் இருக்கும். தூக்கம் முக்கியம் என்றால் வாரநாளில் போங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு லிஃப்ட் பக்கத்து அறையாகக் கேளுங்கள். வாடகை பெரும்பாலும் டாலரில் சொல்வார்கள்; அதில் வரியும் 10 சதவிகித சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, கடல் சீறும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். விசா விதியைக் கிளம்புமுன் இலங்கை அரசின் தளத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

எல்லா வசதியும் புதுசாக இருக்கவேண்டும், பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே மால் வேண்டும் என்பவர்களுக்குத் திடலைப் பார்த்தபடியே ஷாங்ரிலா இருக்கிறது. பழைய மரத்தரையும் உயரமான கூரையும் பிடிக்கும் என்றால்தான் கால்ஃபேஸ்.

அறை வாடகை கட்டுப்படியாகவில்லையா? வேறு எங்காவது தங்கிக்கொண்டு, சாயங்காலம் வராந்தாவில் ஒரு டீ மட்டும் குடிக்க வாருங்கள். சூரியன் இறங்கும் நேரத்தில் பைப் இசையோடு கொடி இறக்குவார்கள். இளவரசர் பிலிப் 1940-ல் 12 பவுண்டுக்கு வாங்கிய பழைய காரையும் உள்ளே பார்க்கலாம்.

அப்புறம் வெளியே வந்து திடலில் இறங்குங்கள். தள்ளுவண்டியில் இஸ்ஸோ வடை சுடச்சுடக் கிடைக்கும். இறால் வைத்தது, சைவக்காரர்கள் கடலை வாங்கிக்கொள்ளலாம். புல்வெளியில் உட்கார வாடகை கிடையாது. ஹோட்டலில் தங்குபவருக்கும் பஸ்ஸில் வந்தவருக்கும் அங்கே அதே கடற்காற்றுதான்.