முன்பாரம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் என் பட்டறை இருக்கிறது. டிராக்டர் டிப்பர் கட்டுவதுதான் தொழில். ஜல்லி, சவுக்கு, கரும்பு, மல்லாட்டை மூட்டை என்று இந்தப் பக்கத்தில் எதை ஏற்றினாலும் அது ஒரு டிராக்டரின் கொக்கியில் மாட்டித்தான் போகும். கொஞ்ச காலமாக வேறு மாதிரி ஆட்களும் வருகிறார்கள். புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவியில் வந்து இறங்குவார்கள். “அண்ணா, பின்னாடி மாட்டிக்கிட்டுப் போற மாதிரி ஒரு கேரவன் பெட்டி கட்டித் தருவீங்களா? படுக்க இடம், சின்ன அடுப்பு, ஒரு தண்ணித் தொட்டி போதும். வண்டி இழுத்துடும்ல?”

இழுத்துவிடும். அதில் சந்தேகமே இல்லை. “இழுக்கிறது கெடக்கட்டும் தம்பி, நிக்குமா?” என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டில் செய்து ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றுமதியாகும் மாருதி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். அங்கே அதற்குக் கொடுத்திருக்கும் இழுவை வரம்பு, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,300 கிலோ. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 350 கிலோ. அதே என்ஜின், அதே கியர், அதே கொக்கி. நடுவில் 950 கிலோ காணாமல் போவது டிரெய்லரின் சக்கரத்தில் பிரேக் இல்லை என்ற ஒரே காரணத்தால். இங்கே விற்கும் பல சின்ன எஸ்யூவிகளின் கையேட்டில் இழுவை எடை என்ற எண்ணே இருப்பதில்லை. சிலவற்றில் டிரெய்லர் இழுக்க வேண்டாம் என்று நேராகவே எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் நான் கொக்கி போட மாட்டேன்.

“ஊரெல்லாம் டிராக்டர் பிரேக் இல்லாத டிப்பரைத்தானே இழுக்குது?” என்பார்கள். உண்மைதான். ஆனால் டிராக்டர் தானே ஏறக்குறைய இரண்டு டன் கனம். அதன் கொக்கி பின் அச்சை ஒட்டி, அச்சின் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. போகிற வேகம் 25, 30 கிலோமீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தவேண்டிய சக்தி நாலு மடங்காகும். 30-இல் டிப்பர் தள்ளுவதைத் தாங்கும் வண்டி 60-இல் தாங்காது. டிராக்டரிலேயே கூட, வயலில் திரும்புவதற்காக இடது, வலது என்று பிரித்து வைத்த இரண்டு பிரேக் பெடல்களையும் ரோட்டுக்கு வரும்போது கொண்டி போட்டு ஒன்றாக்காமல் விட்டால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து, பின்னால் வரும் டிப்பர் வண்டியைக் குறுக்கே மடக்கிவிடும். எங்கள் பக்கத்து டிரைவர்கள் பலர் அந்தக் கொண்டியைத் தொடுவதே இல்லை. பார்க்கும்போதெல்லாம் இறங்கிப்போய்ச் சொல்கிறேன்.

பிரேக்குக்கு அடுத்தது பாரம் எங்கே உட்காருகிறது என்பது. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே எழும்பிக் கயிறு கழுத்தை இறுக்கும். காருக்குப் பின்னால் மாட்டும் பெட்டிக்கும் இதேதான். அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இருக்க வேண்டும் என்பார்கள். ஐரோப்பாவில் பல கார்களின் கொக்கிக்கு 75, 100 கிலோவுக்கு மேல் அனுமதி இல்லாததால் அங்கே இன்னும் குறைவாக வைக்கிறார்கள்.

லாரி எடைமேடையில் இது பிடிபடாது. அது ஐந்து கிலோ, பத்து கிலோ என்று தாவும். மண்டியில் மூட்டை நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, காரின் கொக்கி இருக்கும் அதே உயரத்துக்கு டிராபாரின், அதாவது பெட்டியைக் கொக்கியோடு இணைக்கும் முன்தண்டின், முனையை வைப்பேன். பெட்டி மட்டமாக நிற்க வேண்டும். 600 கிலோ பெட்டிக்குத் தராசு 60 காட்டுகிறது என்று வையுங்கள். அச்சுக்கு நேர் மேலே இருக்கும் நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டியை 1.2 மீட்டர் பின்னால் தள்ளுகிறேன். கொக்கிக்கும் அச்சுக்கும் 3 மீட்டர் என்றால் முனையில் 40 கிலோ குறைந்து தராசு 20 காட்டும். மொத்த எடையில் ஒரு கிராம் மாறவில்லை. ஆனால் முனையில் 20 கிலோ மட்டுமே உட்காரும் அந்தப் பெட்டி நெடுஞ்சாலையில் வால் ஆட்டும். வந்தவருக்கு இதைக் கண்ணெதிரே செய்துகாட்டினால் அப்புறம் வாக்குவாதம் கிடையாது.

சரி, முன்பாரத்தை நிறைய ஏற்றிவிடலாமா என்றால், அதைச் சின்ன கார் தாங்காது. கொக்கி பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால், இரண்டு அச்சுகளுக்கும் இடையே இரண்டரை மீட்டர் என்று வைத்தால், கொக்கியில் உட்காரும் 75 கிலோ முன் சக்கரங்களிலிருந்து 30 கிலோவைத் தூக்கிவிடும்; பின் அச்சில் 105 கிலோ ஏறும். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றை முன் சக்கரம்தான் இழுக்கிறது, அதுதான் திருப்புகிறது, பிரேக்கிலும் பெரும்பங்கு அதுதான். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சாமான்களும் இருந்தால் முன்பக்கம் இன்னும் லேசாகும்.

ஈசிஆரில் ஆம்னி பஸ் ஒன்று விர்ரென்று முந்தும்போது காற்று முதலில் ஒரு பக்கம் தள்ளி, அடுத்து மறுபக்கம் இழுக்கும். பெட்டி ஆட ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கை ஒடிக்கவோ பிரேக்கை மிதிக்கவோ கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விட வேண்டும். இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி குறைந்த கார் என்றால் அந்த ஆட்டம் சீக்கிரம் காருக்கும் வந்துவிடும்.

ஆகவே சின்ன எஸ்யூவி கேரவன் இழுக்கலாமா என்றால், கம்பெனி எண் கொடுத்திருந்தால் இழுக்கலாம். அந்த எண்ணுக்குக் கீழே, காரின் சொந்த எடையில் 85 சதவீதத்துக்கும் கீழே. இந்த 85 என்பது பிரிட்டனில் கேரவன் ஓட்டுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு. புதிதாகப் பழகுபவர்களுக்கு அதிலும் குறைத்துத்தான் சொல்வேன். என் கணக்கில், பெட்டி 350 கிலோவைத் தாண்டினால் ஓவர்ரன் பிரேக் கட்டாயம். கார் வேகம் குறைக்கும்போது பெட்டி முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலிலேயே டிராபாருக்குள் ஒரு தண்டு உள்ளே போய் கேபிளை இழுத்துச் சக்கரத்தைப் பிடிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். கொக்கி கழன்றாலும் டிராபார் தரையில் குத்தாமலிருக்க இரண்டு சங்கிலிகள், குறுக்கே மாற்றிப் போட்டு.

கனத்தில்தான் எங்கள் பழக்கம் மாற வேண்டியிருக்கிறது. டிப்பர் கட்ட வருபவர் தகட்டைத் தட்டிப்பார்த்து, “நல்லா கனமா போடுங்க” என்பார். கனம்தான் அங்கே தரம். கேரவன் பெட்டியில் ஒவ்வொரு கிலோவும் விரோதி. ஒரு முழு வீட்டு சிலிண்டரே 30 கிலோ வரும். ஆங்கிள் இரும்பில் யோசித்துப் பழகிய கை, சதுரக் குழாயிலும் மெல்லிய பிளைவுட்டிலும் யோசிக்கக் கற்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆம் பிரிவுப்படி டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். காரின் ஆர்சி போதும் என்று நினைப்பவர்களைத் திண்டிவனம் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு வரச்சொல்கிறேன்.

பெட்டி முடிந்ததும் தராசில் வைத்து, தண்ணீரும் சிலிண்டரும் உட்கார வேண்டிய இடத்தைத் தரையில் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டுக் கொடுக்கிறேன். சமையல் மேடை வசதிக்காகத் தொட்டியைக் கோட்டுக்குப் பின்னால் வைக்கச் சொன்னால் அந்த வேலையை நான் எடுப்பதில்லை.