கை பேசும்போது ஊசி நிற்கட்டும்

காது கேட்கும் பிள்ளைக்குத் தையல் சொல்லித்தரும்போது வாய் பாட்டுக்குப் பேசும், கை பாட்டுக்கு வேலை செய்யும். காது கேளாத பிள்ளையிடம் அது நடக்காது. அவள் கண் ஊசியைப் பார்க்கும், இல்லையென்றால் என் சைகையைப் பார்க்கும். பயிற்றுநராக வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: தைத்துக் காட்டுங்கள், மெஷினை நிறுத்துங்கள், பிள்ளை நிமிரும்வரை பொறுங்கள், அப்புறம் சைகை செய்யுங்கள். ஒரு காலர் வைக்கச் சொல்லித்தர ரெண்டு மடங்கு நேரம் ஆகும். ஆகட்டும்.

எதிரே உட்கார்ந்து காட்டினால் இடம் வலமாகிவிடும், பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டடிக்கும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. ஊசி ஓடும்போது தோளைத் தொட்டுக் கூப்பிடவே கூடாது. திடுக்கிட்டால் விரல் ஊசிக்கடியில் போய்விடும். நாங்கள் டியூப்லைட்டை அணைத்துப் போடுவோம். எல்லோரும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த மாஸ்டர் மெஷின் சத்தத்தை வைத்தே ஊசி மழுங்கியதைச் சொல்லிவிடுவார். காது கேளாதவர்களுக்கு இதை எப்படி மாஸ்டர் கொடுப்பது என்று ஒருநாள் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் உள்ளங்கையை மெஷின் தலைமேல் வைத்து, மழுங்கிய ஊசியில் ஜீன்ஸ் துணியை ஓட்டினார். பிறகு புது 16-ஆம் நம்பர் ஊசியைப் போட்டு ஓட்டினார். அந்தப் பெண் பளிச்சென்று சிரித்தாள். இன்று என் வகுப்பில் ஊசி மாற்றும் நேரத்தை முடிவு செய்வது பிள்ளைகளின் உள்ளங்கைதான்.

பாபின் டென்ஷனும் அப்படிக் கைக்குத் தெரிய வேண்டியதுதான். நூலைப் பிடித்துப் பாபின் கேஸைத் தொங்கவிட்டு லேசாக உதறுங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. சரசரவென்று இறங்கினால் தளர்வு, அசையாவிட்டால் இறுக்கம். துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சுருண்டால் புதுப் பிள்ளைகள் உடனே பாபினில் கைவைப்பார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில் இருக்கும். பிரஷர் ஃபுட்டைத் தூக்காமல் நூல் கோத்தால் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் உட்காராது.

போலியோவில் கால் சூம்பிய பிள்ளைகளுக்கு எந்தக் காலில் வலு இருக்கிறதோ அந்தப் பக்கம் பெடலை நகர்த்தி வைப்போம். முழங்காலால் ஃபுட்டைத் தூக்க முடியாதவர்களுக்கு மெஷினின் பின்பக்கக் கைப்பிடி இருக்கிறது. பிள்ளைக்கேற்ப மெஷினை மாற்றுவதும் பயிற்றுநர் வேலைதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறனைச் சொல்கிறது, அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் அதிகம் போவது பனியன் கம்பெனிகளுக்கு. அங்கே சூப்பர்வைசருக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறேன்: நூல் அறுந்தது, ஊசி உடைந்தது, அளவு மாறியது, நிறுத்து என்று சில சைகைகள். தீ விபத்து மணி எங்கள் பிள்ளைகளுக்குக் கேட்காது. அவர்கள் உட்காரும் லைனுக்கு எதிரே மின்னுகிற விளக்கு ஒன்றை மாட்டச் சொல்வேன். மாட்டியதைப் பார்த்த பிறகுதான் பிள்ளையை வேலைக்கு அனுப்புவேன்.