காந்தாரத்தைத் தொடாமல்

"தம்பி, தங்காள் இன்னும் களத்துக்கே வந்து சேரலீங்க. அதுக்குள்ள நீங்க அழுதுட்டீங்களே."

சொல்லிவிட்டு உடுக்கடிப் பாட்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோவை காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் சின்ன ரெக்கார்டிங் அறை. காங்கேயம் பக்கத்து ஊரொன்றில் கோயில் நோம்பிக்குப் போடுவதற்காக அண்ணமார் சாமி கதையைப் பதிந்து தரச் சொல்லியிருந்தார்கள். "வெறும் உடுக்கைன்னா இந்தக் காலத்துப் பசங்க கேக்க மாட்டாங்க, கொஞ்சம் மியூசிக் சேத்துக் குடுங்க" என்றார் ஊர்ப் பெரியவர். அந்தக் கொஞ்சம் மியூசிக் நான்தான்.

கதையில் படுகளம் வந்தது. பொன்னரும் சங்கரும் மாண்டு கிடக்கிறார்கள். அவர்கள் தங்கை தங்காள் தேடிக்கொண்டு வருகிறாள். நான் ஸ்ட்ரிங்ஸ் சத்தத்தை எடுத்து, இரண்டு கையும் நிறைய ஒரு மைனர் கார்டை விரித்தேன். சோகக் காட்சிக்கு மைனர் கார்டு. கல்யாண ரிசப்ஷன், நோம்பிக் கச்சேரி என்று இருபத்திரண்டு வருஷம் மேடையில் நின்றவனுக்கு இதற்கெல்லாம் யோசனையே தேவைப்படாது. கை தானாகப் போகும். போனது. அவர் நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாவது வகுப்பிலேயே ஒருத்தன் கேட்டுவிடுவான்: "சார், சோகத்துக்கு எந்தக் கார்டு?" சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்வேன். அது மேஜர். நடுவிலிருக்கும் காந்தாரத்தை மட்டும் அரைப்படி இறக்கினால் மைனர். அந்தர காந்தாரத்திலிருந்து சாதாரண காந்தாரத்துக்கு ஒரே ஒரு கட்டை நகர்ந்ததில் அறையின் வெளிச்சமே குறைந்தமாதிரி இருக்கும். பிள்ளைகள் முகத்தில் அது தெரியும். மேஜர் சந்தோஷம், மைனர் சோகம் என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நான் தடுப்பதில்லை. என் நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

அந்த வரியை நான் அடித்தது அம்மாவின் அம்மாவால், எங்கள் அம்மிச்சியால். முதல் கேசியோ வாங்கின வருஷம், அக்காவின் கைக்குழந்தையை அம்மிச்சி தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் பாடுகிற தாலாட்டில் ஐந்தே சுரம்: ச, ரி, க, ப, த. படித்தவர்கள் மோகனம் என்பார்கள். வரிக்கு வரி காந்தாரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் குரலுக்குச் சுருதி பிடித்து, கணக்கு எளிதாக இருக்கட்டுமென்று டிரான்ஸ்போஸ் செய்துகொண்டு, கீழே சி மேஜர் வைத்தேன். பாட்டு அப்படியே இருந்தது. திண்ணையில் வெயில் அடிப்பதுபோல ஒரு நிம்மதி. அடுத்த வரிக்கு ஏ மைனர் வைத்தேன். அம்மிச்சி பாடின சுரம் ஒன்றுகூட மாறவில்லை. ஏ மைனரில் இருக்கும் மூன்று சுரமும் (த, ச, க) அந்தப் பாட்டிலேயே இருப்பவைதாம். ஆனால் சமையற்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "குழந்தையத் தூங்க வெக்கறப்ப எதுக்கு இந்த அழுகாச்சிப் பாட்டு?" என்றார்.

பாட்டு மாறவில்லை. அது நின்ற தரைதான் மாறியது. சி மேஜரின்மேல் அந்தக் காந்தாரம் கார்டின் நடுச்சுரம். இனிப்பே அதிலிருந்துதான் வருகிறது. ஏ மைனரின்மேல் அதே காந்தாரம் பஞ்சமமாகிவிடுகிறது. அசையாமல் தூரத்தில் நிற்கிற சுரம். மூன்றாவதாக எஃப் மேஜர் வைத்துப் பார்த்தேன். இப்போது கீழே ஒரு மத்தியமம் வந்துவிட்டது. மோகனத்தில் மத்தியமமே கிடையாது. அம்மிச்சி வாழ்நாளில் அந்தத் தாலாட்டில் அதைப் பாடியதில்லை. மேலே அவருடைய காந்தாரம் அந்த எஃப்புக்கு நிஷாதமாகித் தொங்குகிறது. சோகமென்று சொல்ல முடியாது. ஊருக்குப் போனவர் திரும்பி வருகிற நாள் தெரியாதபோது இருக்குமே, அது. சினிமாப் பாட்டில் 'ஏக்கம்' என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இந்த ஒரு உறவுதான் என்று எனக்கொரு எண்ணம்.

சிறுமுகைத் தறியில் மயில்கழுத்து நிறத்தில் சேலை நெய்வதைப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். பாவு நீலம், ஊடை பச்சை. எந்த நூலை உருவிப் பார்த்தாலும் மயில்கழுத்து இருக்காது. இரண்டும் ஒன்றை ஒன்று தாண்டுகிற இடத்தில்தான் அந்த நிறம் இருக்கிறது.

இதில் அம்மிச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கீழே என்னென்னவோ மாற்றினேனே தவிர, அவர் எதையும் கவனிக்கவில்லை. தொட்டிலையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டு பாடினார். சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த அம்மாவுக்குத்தான் அழுகாச்சி கேட்டது. பின்னாளில் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோது இந்தக் காட்சி ஞாபகம் வந்தது. பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம், இணக்கமான சுரக்கூட்டையும் உரசுகிற சுரக்கூட்டையும் இசைத்துக் காட்டினார்கள். இரண்டும் அவர்களுக்கு ஒன்றுபோலவே இனிமையாக இருந்தனவாம். 2016இல் 'நேச்சர்' இதழில் வந்தது. சேர்ந்திசையே இல்லாத இசை அவர்களுடையது. காது கற்றுக்கொள்கிறது. நம் ஊர்க் காதுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால், பாதிப் பதில் இங்கேயே, திருச்சி ரோட்டில் இருக்கிறது.

சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் படமெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்த ஒரு பையன் அங்கே எடுபிடி வேலை பார்த்தான். எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசைக்குழுவில் ஒட்டிக்கொண்டு ஆர்மோனியம் வாசித்தான். அவர்தான் எம்.எஸ். விஸ்வநாதன். ராமமூர்த்தியோடு சேர்ந்து 1964இல் 'காதலிக்க நேரமில்லை' செய்கிறபோது, கிடாரும் பியானோவும் நம் மெட்டுக்கு அடியில் அலட்டாமல் உட்காரத் தொடங்கிவிட்டன. 1976இல் வந்த 'அன்னக்கிளி'க்கும் நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. படப்பிடிப்பு நடந்தது பவானிசாகருக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் தெங்குமரகடாவில். நாற்று நடுகிற மெட்டுக்குக் கீழே மேல்நாட்டு கார்டு நடக்க முடியும் என்று இளையராஜா அந்த ஒரு படத்திலேயே காட்டிவிட்டார்.

மேடையில் வாசிக்கிறவனுக்கு இளையராஜா பாட்டு என்றால் முதலில் பேஸ் கிடார்தான் நினைவுக்கு வரும். கார்டின் பெயர் தெரிந்தால் மட்டும் அவர் பாட்டை வாசித்துவிட முடியாது. கார்டின் எந்தச் சுரம் அடியில் நிற்கிறது என்பதில் அவர் அவ்வளவு விளையாடியிருக்கிறார். பாடகர் மேலே ஒரே சுரத்தில் நிற்பார். கீழே பேஸ் மட்டும் ச, நி, த, ப என்று படியிறங்கும். கேட்கிறவருக்கு என்ன நடக்கிறதென்று தெரியாது. நெஞ்சில் ஏதோ இறங்குவது மட்டும் தெரியும். என் முதல் குழுவில் பேஸ் வாசித்த அண்ணன் ஒருநாள் வரவில்லை. நான் இடது கையால் சட்ஜத்தையே பிடித்து ஒப்பேற்றினேன். கார்டெல்லாம் சரி, தாளம் சரி. பாடின அம்மணி இறங்கி வந்து, "இன்னிக்கி என்னமோ பாட்டு சப்புன்னு இருந்துச்சுங்க" என்றார். எங்கே தப்பென்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. படி இல்லாத வீட்டில் எப்படி இறங்குவது?

ஒரு கார்டு தனியாக நின்றால் அது குணம். இன்னொன்றை நோக்கி நகரும்போதுதான் அது பேச்சு. இதை எனக்குக் காட்டியது ஒரு சர்ச். பத்தாவது படிக்கும்போது கூட்டாளி ஒருவன் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனான். கீர்த்தனை முடிந்து 'ஆமென்' என்று நான்கு குரலும் சேர்ந்து இரண்டே கார்டில் இறங்கின. எஃப், அதிலிருந்து சி. தலையணையில் தலை சாய்ப்பதுபோல. அதே சி-க்கு ஜி செவன்த்திலிருந்து வந்து பாருங்கள். அது சாய்கிற ஆள் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்து ஏறுகிற ஆள். ஜி செவன்த்துக்குள் இருக்கும் காகலி நிஷாதம் சட்ஜத்தின் வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே விடச் சொல்லும். வந்து சேர்ந்த இடம் ஒன்றே, வந்த விதம் வேறு.

மைனரிலும் இதே கதைதான். நடபைரவியில் ஒரு சோகப் பாட்டுக் கட்டினால் ஐந்தாவது கார்டும் மைனராகவே வரும். எல்லாம் மென்மையாகத் தளர்ந்து கிடக்கும். பழகிப்போன துக்கம். கீரவாணிக்குப் போனால் நிஷாதம் அரைப்படி ஏறுகிறது, ஐந்தாவது கார்டு மேஜராகிறது. மைனர் வீட்டுக்குள் திடீரென்று ஒரு மேஜர் கார்டு வந்தால் சந்தோஷம்தானே வர வேண்டும்? நோட்டில் எழுதியபடி பார்த்தால் அப்படித்தான். வருவது என்னவோ நேர்மாறு: சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்கிற துக்கம். ஒரு மெட்டுக் கட்டும்போது இவள் ஏற்கெனவே அழுது முடித்தவளா, இனிமேல்தான் கேட்கப் போகிறவளா என்று முதலில் முடிவு செய்துகொள்வேன். ராகம் அதற்குப் பிறகு.

இத்தனையும் தெரிந்தவன்தான் அன்றைக்குப் படுகளத்தில் போய் மைனர் கார்டை விரித்தேன்.

பாட்டுக்காரர் பாடியதை ஹெட்போன் இல்லாமல் மறுபடி கேட்டேன். அவர் சுருதி நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவில் எங்கோ இருந்தது. அது பரவாயில்லை, கீபோர்டைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். சிக்கல் காந்தாரத்தில். என் மைனர் கார்டின் காந்தாரம் ஆணி அடித்த மாதிரி ஓரிடத்தில் நிற்கிறது. அவருடைய காந்தாரம் நிற்பதே இல்லை. ரிஷபத்திலிருந்து எழும்பி, மத்தியமத்தை எட்டிப் பார்த்து, விம்மலோடு சரிந்து வருகிறது. தோடி பாடுகிறவர்களுக்கு இது தெரியும். அந்தக் காந்தாரத்தை எந்தக் கட்டையிலும் கட்டிப்போட முடியாது. மேலே ஒரு காந்தாரம் அலைகிறது, கீழே இன்னொன்று அசையாமல் நிற்கிறது. இரண்டும் உரசுகிற சத்தத்தில் அவருடைய விம்மல் காணாமல் போயிருந்தது. அழுகிறவர் பக்கத்தில் நின்று இன்னொருவர் அதைவிடச் சத்தமாக அழுதால் எப்படி இருக்கும்?

நடு விரலை எடுத்துவிட்டேன். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரம் இல்லாத கார்டு மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. சந்தோஷமா துக்கமா என்று அது சொல்லாது; சொல்கிற வேலையைப் பாடுகிறவரிடம் விட்டுவிடும். கிடார்க்காரர்கள் இதைப் பவர் கார்டு என்று ராக் இசைக்கு வைத்திருக்கிறார்கள். நம் தம்புராவில் காலங்காலமாக இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு: நல்ல தம்புராவில் யாரும் மீட்டாமலே ஓர் அந்தர காந்தாரம் மெலிதாகக் கேட்கும், தந்தியே கொடுப்பது. கீபோர்டில் நாம் அழுத்தும் அந்தர காந்தாரம் அதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எல்லாச் சுருதியிலும் வாசிக்க வேண்டுமென்று பன்னிரண்டு கட்டையையும் சமமாகப் பங்கிட்டதற்குக் கொடுக்கிற விலை.

"இப்பப் பாடிப் பாருங்கண்ணா" என்றேன். பாடினார். தங்காள் நடந்து வந்தாள். பாதி வழியில் எனக்குப் பஞ்சமமும் அதிகமாகத் தெரிந்தது. அதையும் எடுத்தேன். அடியில் ஒற்றைச் சட்ஜம், அதுவும் கேட்டும் கேட்காமலும்.

அவள் அண்ணன்மாரைக் கண்டுபிடிக்கிற இடத்தில் அவர் பாட்டையே விட்டுவிட்டார். உடுக்கையை எடுத்து, இடுப்பிலிருக்கும் கயிற்றை அழுத்தினார். தோல் இறுகி, அடித்த சத்தம் 'ங்' என்று மேலேறிப் பிடியைத் தளர்த்தியதும் சரிந்தது. மறுபடி. அதற்குச் சுருதி கிடையாது, சுரப்பெயர் கிடையாது; ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழி மட்டும்தான் உண்டு. கீபோர்டில் பிட்ச் வீல் என்று ஒன்று இதற்கென்றே இருக்கிறது. என் கை அதன் பக்கம் போகவில்லை. இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பெரியகாண்டியம்மன் அருளால் தண்ணீர் தெளித்துத் தங்காள் அண்ணன்மாரை எழுப்புகிறாளே, அங்கே வந்ததும் சட்ஜம், பஞ்சமம், பிறகு மெதுவாக அந்தர காந்தாரம். அன்று முழுக்க நான் தொட்ட ஒரே மேஜர் கார்டு அது. பாடிக்கொண்டே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து அவர் தலையை ஆட்டினார்.

பதிவை முடித்து மிக்ஸ் செய்து அனுப்பினேன். ஊர்ப் பெரியவர் மறுநாள் கூப்பிட்டார். "எல்லாம் நல்லா இருக்குதுங்க தம்பி. படுகளத்துல மட்டும் ரெண்டு நிமிஷம் உங்க மியூசிக் வரலீங்களே, மிசின் கிசின் நின்னுபோச்சுங்களா?"

"இல்லீங்க, அது அப்படித்தானுங்க" என்றேன். பேசின பணத்தில் ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தார்கள். அந்த இரண்டு நிமிஷத்துக்கும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டேன்.