இரவல் மிதிவண்டியின் விலை

ஹைதராபாத்தின் மேற்கு விளிம்பில் உள்ள ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், மகளிர் விடுதியிலிருந்து நூலகம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவு. வழியெங்கும் கருங்கல் பாறைகள், முட்புதர்கள், நடுவே நீண்ட ஓர் ஏற்றம். வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி அந்த வழியை ஏழு மாதங்களாக ஓர் இரவல் மிதிவண்டியில் கடந்துவருகிறாள். 21 கியர்களும் முன்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பரும் கொண்ட மலைப்பாதை வண்டி அது. மூத்த ஆய்வாளரான அக்கா ஒருவர் களப்பணிக்குப் போகும்போது விட்டுச் சென்றது. இப்போது அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. "6,000 கொடுத்து நீயே எடுத்துக்கொள், இல்லையென்றால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தார். தொகையைச் சொன்னதே பெரிய உதவி. "உனக்குத் தோன்றுவதைக் கொடு" என்பதைப் போல வாங்குபவரை வதைக்கும் விலை வேறில்லை.

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023இல் 37,000 ரூபாயாக உயர்ந்தது. அதைப் பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்வோருக்கு மாதம் 8,000 ரூபாய்தான். அவள் இரண்டாவது வகை. உணவுக் கட்டணமும் வீட்டுக்கு அனுப்பும் 2,000 ரூபாயும் போக மிஞ்சுவதில் 6,000 சேர்க்கப் பல மாதங்கள் ஆகும். வாயிலருகே சைக்கிள் பழுதுபார்ப்பவரிடம் கியர் இல்லாத பழைய வண்டி ஒன்று 2,500க்கு நின்றிருந்தது.

அவரிடமே இரவல் வண்டியையும் காட்டினாள். அவர் சங்கிலியின் மீது அளவுகோலை வைத்தார். அரை அங்குலத்துக்கு ஒரு கண்ணியாக, புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். தேய்மானத்தால் அந்த நீளம் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பின்புறப் பல்சக்கரங்களும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். இந்த வண்டி எட்டில் ஒரு பங்கைத் தொட்டிருந்தது. இரண்டையும் மாற்றக் கூலியோடு 1,400 ரூபாய் ஆகும் என்றார்.

இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பழைய கார்ச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாது; அந்த ஐயமே விலையைச் சரித்து நல்ல கார்களைச் சந்தையிலிருந்து விரட்டுகிறது. இரவல் வண்டியில் நிலைமை தலைகீழ். ஏழு மாதங்களாக அதைக் கண்ணால்கூடக் காணாத உரிமையாளருக்கு எதுவும் தெரியாது; வாங்குபவளுக்கு எல்லாம் தெரியும். 1,400ஐக் கழித்துக் கேட்கலாம்தான். ஆனால் அந்தத் தேய்மானத்தில் ஒரு பகுதி அவள் கால்கள் செய்தது. தான் தேய்த்ததைக் காட்டி எப்படி விலை குறைப்பது?

வேண்டாம் என்று விடுவதும் எளிதன்று. வளாகப் பேருந்து இரவு ஒன்பதோடு நின்றுவிடும். நூலகம் அதற்குப் பிறகும் திறந்திருக்கும். யாரையும் துணைக்கு அழைக்காமல் அவள் விடுதி திரும்பிய இரவுகள் எல்லாம் இந்த வண்டி கொடுத்தவை. உண்மையில் அதன் மலைப்பாதை அம்சங்கள் அவளுக்குப் பயன்படுவதே இல்லை. முரட்டு டயர்கள் தார்ச்சாலையில் வேகத்தைத் தின்கின்றன; மலிவான ஷாக் அப்சார்பரோ ஏற்றத்தில் மிதிக்கும் விசையில் கொஞ்சத்தைத் தானே விழுங்கிக்கொள்கிறது. அவளுக்கு வேண்டியவை அந்த 21 கியர்கள்தாம், அதிலும் ஏற்றத்துக்கான மூன்று நான்கு. 2,500 ரூபாய் வண்டியை ஒருநாள் வாங்கி ஓட்டிப் பார்த்தாள். ஏற்றத்தின் பாதியிலேயே இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. பகலில் அது வெறும் களைப்பு. இரவு பதினொன்றுக்கு அந்த இடத்தில் விளக்கு கிடையாது.

அன்றிரவு அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதினாள்: சங்கிலியின் அளவு, 1,400 ரூபாய், அதில் பாதி தன் பொறுப்பு, ஆகவே 5,300, மூன்று தவணை. பதில் மறுநாள் காலையில் வந்தது. தேய்மானத்தில் பாதி என்பதை அக்கா ஏற்கவில்லை. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஓட்டியவர் தாமே என்று சொல்லி 5,000 ஆக்கியிருந்தார். தவணை நான்கு.

முதல் தவணை போய்விட்டது. சங்கிலியும் பல்சக்கரமும் அடுத்த மாதம். டயர்கள் முழுதாகத் தேயும்போது அவற்றுக்குப் பதில் வழவழப்பான சாலை டயர்கள் போட வேண்டும் என்று பழுதுபார்ப்பவரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.