விடுதலைப் பத்திரம்

போன வாரம் புத்தக அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, சூடாமணியின் சிறுகதைத் தொகுப்புக்குள்ளிருந்து நாலு தாள் விழுந்தது. ஜெராக்ஸ். மை மங்கி, மடிப்பில் எழுத்து உதிர்ந்திருந்தது. முதல் பக்கத்தின் தலைப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது: விடுதலைப் பத்திரம்.

பெயரைப் பார்த்தால் யாரையோ சிறையிலிருந்து விட்டது போல இருக்கும். பிறந்த வீட்டுச் சொத்தில் எனக்கு இருந்த பாத்தியத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து 2000-ஆம் ஆண்டு நான் கையெழுத்துப் போட்ட பத்திரம் அது. பத்திர எழுத்தர்களின் தமிழில் இதற்கு இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

அப்போது நான் ஒரு பெண்கள் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். பெண்ணிய இலக்கியத் தாளை விரும்பிக் கேட்டு வாங்கி நடத்திக்கொண்டிருந்தேன். ரொம்பக் கறார். முக்கியமாக வை.மு. கோதைநாயகி என்னிடம் சிக்கிக்கொண்டு படாத பாடு படுவார். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடத்துப் படிப்பு கிடையாது. முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள்தான் எழுதினார். அந்தப் பெண் 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்துப் பல காலம் நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். மேடையேறிப் பேசினார், பாடினார். மறியலில் கலந்துகொண்டு சிறைக்கும் போனார். ஆனால் அவருடைய நாவல்களைத் திறந்தால் கற்பும் பொறுமையும்தான் கடைசியில் ஜெயிக்கும். சீர்திருத்தப் பேச்சு நிறைய வரும். கதாநாயகி மட்டும் அழுதுகொண்டே காத்திருப்பாள். "தான் தாண்டின வாசப்படியைத் தன் நாயகிகளைத் தாண்ட விட்டாரா இந்த அம்மாள்?" என்று கேட்டுவிட்டு வகுப்பை ஒரு சுற்றுப் பார்ப்பேன். பெண்கள் குறிப்பெடுப்பார்கள்.

எங்கள் அம்மாச்சி ஜகன்மோகினி வாசகி. தெருவில் எழுத்துக்கூட்டத் தெரிந்த இரண்டு பெண்களில் அவர் ஒருத்தி. மத்தியானத்தில் நாலைந்து பேர் முற்றத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்க, அம்மாச்சி உரக்கப் படிப்பாராம். திண்ணையில் தாத்தாவின் கனைப்புக் கேட்டதும் புத்தகம் முறத்துக்கு அடியில் போய்விடும். எத்தனையோ நாள் கதை பாதியில் நின்று, அந்தப் பாதியை ஆளுக்கொரு விதமாக முடித்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கோதைநாயகி முடித்ததைக் காட்டிலும் அந்த முடிவுகள் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. வகுப்பில் அம்மாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சூடாமணி கோதைநாயகிக்கு நேர்மாறு. அவரும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தவர்தான். வாழ்வின் பெரும்பகுதி சென்னையில் ஒரு வீட்டுக்குள்ளேயே கழிந்தது. ஆனால் அவர் எழுதிய பெண்கள் எங்கெங்கோ போய்விடுகிறார்கள். 'நான்காம் ஆசிரமம்' கதையில் வருகிற சங்கரி மூன்று கல்யாண வாழ்க்கையைப் பார்த்தவள். அதற்குப் பிறகு அவள் கேட்பது தனிமையை. பிரம்மச்சரியம், சந்நியாசம் என்று ஆண்பிள்ளை படிப்படியாகக் கடந்து போவதற்கு வகை செய்து வைத்திருக்கிற ஊரில், ஒரு பெண் அதே வரிசையில் வந்து நின்று 'என் படி எங்கே?' என்று கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் கதை. அதை நடத்துகிற அன்று எனக்குக் குரலே மாறிவிடும்.

ஒருத்தி வெளியே சுற்றினார், நாயகிகளை உள்ளே வைத்தார். இன்னொருத்தி உள்ளே இருந்தார், நாயகிகளை வெளியே அனுப்பினார். இப்படி ஒரு கோட்பாடு செய்துவைத்துக்கொண்டு அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மூன்றாவதாக ஒருத்தி உண்டு. எதையும் எழுதாமல், சங்கரியைப் பற்றி ஐம்பது நிமிஷம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து உளுந்து ஊறப்போடுகிறவள். அவளைக் கோட்பாட்டில் சேர்க்கவில்லை.

அப்பா 1999-ல் போனார். மன்னார்குடிப் பக்கம் நாலரை ஏக்கர் பூர்வீக நஞ்சை. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்துக்குச் சட்டமாக வர அறுபது வருஷம் ஆயிற்று. 1989-ல் வந்த அந்தத் திருத்தம், அன்றைக்குக் கல்யாணம் ஆகாதிருந்த பெண்களுக்குப் பிறப்பிலேயே பங்கு கொடுத்தது. எனக்குக் கல்யாணம் 1992-ல். கணக்குப் போட்டால் அண்ணனுக்கு இரண்டு ஏக்கர், எனக்கு இரண்டு ஏக்கர், அம்மாவுக்கு அரை. இந்தத் தேதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகவே கேட்டிருக்கிறேன்.

அண்ணன் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கேட்டவள் அம்மா.

"அவன் கேக்க மாட்டான். நாமளாக் குடுத்துடணும். பொறந்த வீட்டு வாசப்படி வேணுமா, ரெண்டு ஏக்கரா வேணுமா? நாளைக்கு உனக்கொண்ணுன்னா யாரு வந்து நிப்பா?"

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' நடத்தியிருந்தேன். கசடதபற இதழில் வந்த கதை. அம்மாவைத் தெய்வமாக நினைக்கிற ஒரு சிறுமி. அம்மா ஊரில் இல்லாத நேரத்தில் வயதுக்கு வருகிறாள். பயந்துபோய், அம்மா வந்து அணைத்துக்கொள்வாள், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். அம்மா வருகிறாள், எரிச்சலாக ஒரு வாக்கியம் சொல்கிறாள். அவ்வளவுதான் கொலை. பெண் என்கிற இந்த வேஷத்தை நமக்கு யார் கட்டிவிடுவது என்று மாணவிகளைக் கேட்டேன். அப்பா, மாமியார், சமூகம் என்று பதில்கள் வந்தன. கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும், "நம்ம மேல உசுரா இருக்கறவங்கதான் மேடம்" என்றாள். நல்ல பதில் என்று எல்லாரையும் கைதட்டச் சொன்னேன்.

திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு மன்னார்குடி பஸ் ஏறினேன்.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் புங்கமரம். பத்திர எழுத்தர் வாசித்துக் காட்டினார். பாதி காதில் விழவில்லை. "சம்மதந்தானம்மா?" என்று அவர் கேட்டபோது அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். முதலில் அம்மா போட்டாள், தன்னுடைய அரை ஏக்கருக்கு. வளைந்து வளைந்து, பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் வரைந்தாள். பிறகு நான். வாசிப்பு வேகத்துக்கும் கையெழுத்து அழகுக்கும் கல்லூரியில் பெயர் வாங்கியவள், சர்ரென்று போட்டுவிட்டேன். வெளியே வந்து மூன்று பேரும் காபி குடித்தோம். அண்ணி எனக்கென்று ஒரு சின்னாளப்பட்டிச் சேலை எடுத்து வைத்திருந்தாள். நிஜமாகவே நல்ல நிறம்.

அடுத்த வருஷமும் அதே தாளை நடத்தினேன். கோதைநாயகியிடம் வந்தபோது வாசப்படி வாக்கியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. 'இவர் காலத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும்' என்று ஏதோ சொல்லி முடித்தேன். மாணவிகளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

அண்ணன் மோசமானவன் இல்லை. பொங்கல் சீர் ஒரு வருஷம் தவறியதில்லை: கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், கவரில் பணம். ஐந்நூறில் ஆரம்பித்து இப்போது மூவாயிரத்தில் நிற்கிறது. இருபத்தைந்து வருஷச் சீரைக் கூட்டி, இரண்டு ஏக்கரின் இன்றைய விலையால் ஒருமுறை வகுத்துப் பார்த்தேன். கேவலமான காரியந்தான். கணக்கு நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். அங்கே இருந்த காலத்தில், மாத்திரை வாங்கவும் பஸ்ஸுக்கும் அண்ணியிடம் கேட்டு நிற்பாளாம். இதை அவளாகச் சொன்னதில்லை, பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விழுந்த தாள்களை நான் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னது அது?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டி.வி.யில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ கன்னத்தில் அறைந்து, அதை மூன்று தரம் திருப்பிக் காட்டினார்கள்.

"படிச்சவ நீ. அன்னிக்கு மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? உன்னப் பாத்து நானும் அந்த அரை ஏக்கராவ வச்சிருந்திருப்பேன்."

சூடாமணியை அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். டீ போட்டு, ஆற்றி, எடுத்துவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தாள்.

"சர்க்கரை போட்டியா?" என்றாள்.