பனிப் பாதையில் மோட்டார்ப் பிரயாணம்

நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு பேராசிரியர் ஒருவர் அன்புடன் பணித்து மூன்று திங்களாயின. இலக்கியம் பற்றி எழுதும் தகுதி எமக்கில்லை. கல்லூரியில் யாம் பயின்றது பௌதிகம். அதனையும் பின்வரிசையிலிருந்தே பயின்றோம். என் செய்வதென்று எண்ணியிருக்கையில், நம் கல்லூரியினின்றும் மாணவர் மூவர் மேற்படிப்பின் பொருட்டுக் கனடாவுக்கு வருகின்றனரென்று ஒரு கடிதம் கிட்டியது. அவர்கட்குக் கம்பளிச் சட்டை பற்றியும் உணவு பற்றியும் புத்தி கூறுவோர் பலர் இருப்பர். குளிர்காலத்தில் இந்நாட்டுச் சாலைகளில் வண்டி ஓட்டுவது பற்றிக் கூறுவோர் சிலரே. அதனை யாம் அறிவோம். அறிந்த விதம் நல்லதன்று. ஆகலின் அதனையே எழுதத் துணிந்தோம்.

நம் ஊரிற் பனியென்றால் மார்கழி விடியலிற் புல் நுனியில் நிற்கும் துளியே நினைவிற்கு வரும். இந்நாட்டில் வானினின்று பஞ்சுபோல் வீழும் வெண்பனியைப் புதிதாய் வருவோர் கண்டு முதலில் மகிழ்வர், பின்பு அஞ்சுவர். ஆயின் வெண்பனி நேர்மையான பகைவன். அது கண்ணுக்குத் தெரியும். தெரிவதனால் எவனும் வேகத்தைக் குறைத்துக்கொள்வான். அஞ்சத் தக்கது வேறொன்று. சாலையின்மேற் கண்ணாடிபோல் மெல்லிதாய் உறைந்து கிடக்கும் பனிக்கட்டி அது. அதனூடே தாரின் கருநிறம் தோன்றுதலின் கரும்பனி என்பர். பார்ப்பவர் மழையில் நனைந்த சாலையென்றே கருதுவர். பாசி பிடித்த குளத்துப் படித்துறையில் முன்னறிவிப்பின்றிக் கால் வழுக்கிய அனுபவம் நம்மிற் பலர்க்கும் உண்டு. அவ்வாறு வழுக்குவது ஒன்றரை டன் நிறையுள்ள வண்டியாகவும், அதனுள் நம் மனைவி மக்கள் இருப்பதாகவும் எண்ணிக்கொள்க.

பின்வரிசையில் அமர்ந்து கேட்ட பௌதிகம் இங்குச் சிறிது உதவும். உலர்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்குமுள்ள உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7 என்பர். பனிக்கட்டியின்மேல் அது 0.1 அளவிற்குத் தாழ்ந்துவிடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி, தடையை மிதித்தபின் உலர்ந்த சாலையில் 14 மீட்டரில் நிற்குமாயின், பனிக்கட்டியின்மேல் நிற்க நூறு மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் இத்தூரம் நான்கு மடங்காகும். இக்கணக்கைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவர் யாம். ஆயினும் அது எம் காலுக்குத் தெரியவில்லை.

இன்னுமொன்று. குளிர் மிகுந்தால் வழுக்கலும் மிகும் என்று யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியில் உள்ள பனிக்கட்டியைவிட, பூச்சியத்தை ஒட்டியுள்ள பனிக்கட்டியே மிக வழுக்கும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்போன்றதொரு மெல்லிய படலம் உண்டென்னும் கருத்தை மைக்கேல் ஃபாரடே 1850ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். உருகலுக்கு அண்மையில் அப்படலம் தடிக்கின்றது. ஆகவே ‘இன்று குளிர் அவ்வளவு இல்லை’ என்று மகிழ்ந்து புறப்படும் நாளே அபாயமான நாளாதல் கூடும்.

அத்தகையதொரு நாளில் யாம் புறப்பட்டோம்.

யாம் 2009இல் டொராண்டோ நகரின் கீழ்ப்பகுதியாகிய ஸ்கார்பரோவிற் குடியேறினோம். மூன்றாம் குளிர்காலத்தில், 2012 ஜனவரியில், கிங்ஸ்டன் நகரினின்றும் ஓர் இரவு தொலைபேசி வந்தது. அங்கு வாழும் நண்பர் கல்லூரியில் எமக்கு ஈராண்டு மூத்தவர், விடுதியில் எதிரறையினர். அன்று முதல் அவர் எமக்கு அண்ணன், யாம் அவர்க்குத் தம்பி. பேரப்பிள்ளையைக் காண நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அவருடைய தாயார் இறைவனடி சேர்ந்தாரென்பது செய்தி. பரீட்சைக் காலங்களில் அவ்வம்மையார் மகனுக்குக் கட்டியனுப்பிய சோற்றுப் பொதியிற் பாதி எமக்கென்றே வரும். இரண்டு மீன் துண்டுகள் வேறாய் இலையில் மடித்திருக்கும். அவர் முகத்தை இறுதியாக ஒருமுறை காணாதிருத்தல் எங்ஙனம் கூடும்?

கிங்ஸ்டன் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தூரம். ஏரியின் கீழ்க்கரைப் பகுதிகளில் உறைமழை பெய்யுமென வானிலை அறிவிப்புக் கூறிற்று. எம் இல்லாள் அதனை ஒருமுறைக்கு இருமுறை படித்துக் காட்டினாள். “துக்க வீட்டிற்கு மழை பார்த்தா போவது?” என்றோம். நல்ல வாக்கியம், நம் ஊரில் எவரும் மறுக்கமாட்டார். அவளும் மறுக்கவில்லை. ஆறு வயதுச் சிறுமியாகிய எம் மகளையும் ஏற்றிக்கொண்டு பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம்.

401ஆம் நெடுஞ்சாலையிற் கோபர்க் நகரைக் கடக்கும்வரை வெறும் மழையே. வண்டியிலுள்ள வெப்பமானி 3 என்றும், 2 என்றும், 1 என்றும் இறங்கி வந்து பூச்சியத்தில் நின்றது. கண்ணாடி துடைக்கும் கோல்களின் ஓரத்தில் நீர் உறைந்து தடித்தது. அப்பொழுது இரண்டு குறிப்புகள் எமக்குக் கிட்டின; இரண்டையும் யாம் படிக்கவில்லை. முன்சென்ற வண்டியின் சக்கரங்கள் அதுவரை வாரியெறிந்த நீர்த்திவலை திடீரென நின்றுபோயிற்று. சாலையோ நனைந்து மின்னுகின்றது. திவலை மட்டும் இல்லை. நீர் நீராயில்லை என்பதன்றோ அதன் பொருள்? மற்றொன்றை எம் இல்லாள் கூறினாள்: “சக்கரச் சத்தம் நின்றுவிட்டதே! திரும்பிவிடுவோமா?” புதிதாய்ப் போட்ட சாலை, அதனால் இரைச்சலில்லை என்று யாம் விடை பகர்ந்தோம். இவ்விடையை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றோம்.

அடுத்து ஒரு பாலம் வந்தது. வண்டியின் பின்புறம் மெல்ல இடப்புறம் நகர்ந்தது. மெல்ல என்றே கூறவேண்டும். விபத்தென்பது பேரிரைச்சலோடு வருமென்று எண்ணியிருந்தோம், அது அமைதியாகவே வந்தது. யாம் தடையை முழுவலியுடன் மிதித்தோம்; திசைமாற்றும் சக்கரத்தை மறுபுறம் வெடுக்கெனத் திருப்பினோம். செய்யத்தகாத இரண்டையும் ஒரு நொடியிற் செய்து முடித்தோம். வண்டி ஒன்றரைச் சுற்றுச் சுழன்று, வந்த திசையையே நோக்கிப் பின்னோக்கி வழுக்கியது. எதிரே ஒரு பெரிய லாரியின் விளக்குகள் தெரிந்தன. அதன் சாரதி தடையை மிதித்திருப்பாராயின் அவ்வண்டியும் மடிந்து எம்மேல் வீழ்ந்திருக்கும். அவர் மிதிக்கவில்லை, நேரே எம்மைக் கடந்து போனார். அவர் முகத்தை யாம் கண்டிலோம். எம் வண்டி இரு சாலைகட்கும் நடுவிலுள்ள பள்ளத்திற் பனிக்குவியலிற் புதைந்து நின்றது. ஒருவர்க்கும் காயமில்லை. மகள் அழவில்லை, அதுவே எம்மை அச்சுறுத்திற்று.

இழுவை வண்டி வர இரண்டரை மணி நேரமாயிற்று. அன்றிரவு பெல்வில் நகரில் ஒரு விடுதியிற் தங்கி மறுநாள் சென்றோம். பெட்டி மூடியாயிற்று. எவரைக் காணும் பொருட்டு மகளின் உயிரைப் பணயம் வைத்தோமோ, அவர் முகத்தை யாம் காணவில்லை.

உறைமழை உண்டாகும் விதத்தைப் பின்னரே கற்றோம். மேலே சற்று வெப்பமான காற்றும் தரையையொட்டிக் குளிர்ந்த காற்றும் இருக்குமாயின், மேலே உருகிய துளி கீழே வருகையிற் பூச்சியத்திற்குக் கீழ்க் குளிர்ந்தும் உறைய நேரமின்றி நீராகவே இறங்கும். தொட்ட பொருளின்மேல் அக்கணமே உறையும். 1998 ஜனவரியிற் பல நாள் தொடர்ந்து பெய்த உறைமழையைக் கிங்ஸ்டனிலுள்ள முதியோர் இன்றும் பேசுவர். மரங்களும் மின்கம்பங்களும் பனிக்கட்டியின் பாரத்தால் ஒடிந்து, கிழக்கு ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருளில் மூழ்கின. பாலம் முதலில் உறைவதேன் என்பதும் எளிதே. சாலைக்குக் கீழே மண்ணின் வெப்பம் உண்டு. பாலத்திற்கு மேலும் கீழும் குளிர்காற்றே.

அவ்வாண்டு பிப்ரவரியில் யாம் மீண்டும் மாணவரானோம். ஆளில்லா வண்டி நிறுத்துமிடமொன்றில் ஒரு முதிய ஆசிரியர் எம்மை வேண்டுமென்றே வழுக்கச் செய்து கற்பித்தார். வழுக்கத் தொடங்கியவுடன் இரு பெடல்களினின்றும் காலை எடுத்துவிட வேண்டும். பின்புறம் எத்திசையில் நழுவுகின்றதோ அத்திசையிலேயே முன்சக்கரத்தை மெதுவாய்த் திருப்பவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, போக விரும்பும் இடத்தையே பார்க்கவேண்டும். மரத்தைப் பார்த்தால் மரத்திற்கே போவோம். கூறுவது எளிது. அச்சத்தில் கண் மரத்தையேயன்றி வேறெதனையும் பாராது. பதினைந்து முறை வழுக்கிய பின்னரே எம் கண் எமக்குக் கீழ்ப்படிந்தது. தடை பூட்டிக்கொள்ளாதபடி காக்கும் கருவியுள்ள இக்காலத்து வண்டியில், அவசரத்தில் தடையை விட்டு விட்டு மிதிக்கவேண்டா. அழுத்திப் பிடித்தாற் போதும், கால் அதிர்வது கண்டு எடுத்துவிடலாகாது. வேகத்தைத் தானே காக்கும் பொறியைப் பனியிலும் மழையிலும் அணைத்துவிடுக.

டயர் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். புதியவர் சிக்கனம் பார்ப்பது இங்கேயே. எம் வண்டியில் அன்றிருந்தவை எல்லாப் பருவத்துக்கும் உரியவை என்று விற்கப்படுபவை. பெயரை நம்பினோம். காற்று 7 டிகிரிக்குக் கீழே குளிர்கையில் அத்தகைய ரப்பர் இறுகிப் பிடிமானம் குன்றும். குளிர்கால டயரின் ரப்பரோ மென்மை மாறாதிருக்கும். மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறித்த முத்திரையைக் கண்டு வாங்குக. கியூபெக்கில் 2008 முதல் இது சட்டம். இப்பொழுது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்குள்ளார் கட்டாயம் பூட்டவேண்டும். ஒன்டாரியோவில் அவரவர் விருப்பமே. ஆயின் 2016 முதல் காப்புறுதிக் கட்டணத்திற் சிறிது தள்ளுபடி உண்டு. நான்கு சக்கரங்கட்கும் மாற்றுக. இரண்டிற்கு மட்டும் மாற்றி மிச்சம் பிடித்தோமென்று பெருமை பேசிய ஒருவரை அறிவோம். இப்பொழுது அவர் பேசுவதில்லை.

சாலையில் உப்புத் தூவியிருக்கின்றார்களே என்று இறுமாத்தல் தகாது. பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரியளவிற் குளிர்ந்தபின் சாதாரண உப்பின் வேலை மிக மந்தப்படும். நீல விளக்குச் சுழலப் பனி வாரும் வண்டி செல்லக் கண்டால் அதனை முந்தவேண்டா. அதன் பின்னால் உள்ள சாலையே நல்ல சாலை. வண்டியில் ஒரு கம்பளி, ஒரு மண்வெட்டி, ஒரு பை மணல், குடிநீர் இருத்தல் நன்று. பனியிற் புதைந்து நிற்க நேரின் எஞ்சினை ஓட்டிக் குளிர்காயுமுன் இறங்கிப் புகைக்குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கின்றதா என்று பாருங்கள். அடைத்திருப்பின் நச்சுவாயு உள்ளே புகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, உறக்கம்போல் வந்து உயிரைக் கொண்டுபோகும்.

இவையெல்லாம் கற்கக்கூடியவை. எமக்குக் கற்க அரிதாயிருந்தது வேறு. 2018 பிப்ரவரியில் அதே அண்ணனின் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். அன்று காலையும் அதே அறிவிப்பு, அதே திசையில் உறைமழை. பட்டுச்சேலை மடித்து வைத்தபடி இருக்க, எம் இல்லாள் ஒன்றும் கூறாமல் எம் முகத்தைப் பார்த்தாள். யாம் தொலைபேசியை எடுத்து, “அண்ணே, நாங்கள் இன்று வரவில்லை, சாலை சரியில்லை,” என்றோம். வண்டி சுழன்ற அன்றுகூட எம் குரல் அவ்வாறு நடுங்கவில்லை. “சரி தம்பி,” என்று வைத்துவிட்டார். ஒன்பது திங்கள் அவர் பேசவில்லை. இருநூற்றைம்பது கிலோமீட்டர் தம்பிக்கு இப்பொழுது தூரமாகிவிட்டதென்று அவர் யாரிடமோ கூறியது எம் செவிக்கும் வந்தது. தாயின் அடக்கத்திற்கு யாம் வந்த விதத்தை அறிந்தவரே அவ்வாறு கூறினாரென்பதில் எமக்கு வருத்தமுண்டு. அவர்தம் வருத்தமும் பொய்யன்று.

அவ்வாண்டு நவம்பரில் ஒருநாட் காலை அவரே அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. “தம்பி, டயர் மாற்றியாயிற்றா?” என்றார். ஆயிற்றென்றோம். “நான்குமா?” என்றார். அது முதல் ஒவ்வொரு நவம்பரிலும் அவ்விரண்டு கேள்விகளும் வருகின்றன. கல்லூரி மாணவியாகிவிட்ட எம் மகள் இப்பொழுது தானே வண்டி ஓட்டுகின்றாள். பாலம் வந்தால் இன்றும் பேச்சை நிறுத்திவிடுவாள்.

வரவிருக்கும் மாணவர் மூவர்க்கும் ஒரு செய்தி. எம் வீட்டுக் கொட்டிலில் ஒரு பருவமே ஓடிய குளிர்கால டயர்கள் நான்கு உள. நீங்கள் வாங்கும் வண்டிக்கு அளவு பொருந்துமாயின் எடுத்துச் செல்லலாம். எம் வீட்டில் விருந்தென்று அழைத்த நாளில் உறைமழை அறிவிப்பு வருமாயின் வரவேண்டா, ஒரு சொல் தெரிவித்தாற் போதும். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி.